ஒருநாள் குஞ்சு அனுப்பும் பொரிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொரிப்பக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கொங்கு மாவட்டங்களில் பேருந்து ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து வெளியூர்களில் இறங்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுப் பெட்டிகளைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் சில குஞ்சுகள் சிறகு தொங்கிக் கண் மூடிக் கிடப்பதும், அவை மறுநாளே மடிவதும், தொலைபேசியில் கேட்டால் “வளர்ப்பில் கோளாறு” என்று பதில் வருவதும் வாங்குவோருக்குப் பழகிப்போயின. வளர்ப்பிலும் கோளாறு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குஞ்சு பொரித்த நேரம் உங்களுக்கு மட்டுமே தெரியும். இறங்கிய முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவையும் எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். இவ்விரண்டையும் ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டியின் மேல் ஒட்டி அனுப்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்துக் குஞ்சு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வணிகமே நடக்கிறது. அது உண்மைதான். எனினும் ஒரே அடுக்கில் வைத்த முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே ஒரு நாளுக்கு மேலும் இடைவெளி விழுவதுண்டு. முட்டை வைத்த 21-ஆம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, தரம் பிரித்து, தடுப்பூசி போட்டு, மாலைப் பேருந்தில் ஏற்றும்போது முந்திப் பொரித்தவை ஏற்கெனவே ஈரம் இழக்கத் தொடங்கியிருக்கும். காலின் தோல் சுருங்கி நரம்பு புடைத்துத் தெரிவது அதன் அடையாளம். விற்பனை ஆகாமல் பெட்டியில் இன்னுமொரு நாள் தங்கிவிட்டால் அந்த இரண்டு மூன்று நாள் கணக்கு முற்றிலும் தவறிப்போகிறது. பொரித்தவுடன் குஞ்சுகளை அனுப்பிவிட வேண்டும், பெட்டியில் தேக்கி வைக்கக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளில் 2001-இல் சேர்க்கப்பட்ட பகுதி கூறுவதும் இதனால்தான்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அமைப்பு) சூடாகி, உமியின் மேல் தாள் விரித்து, குஞ்சின் முதுகு உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் வெப்பம் நின்றிருக்க வேண்டும். எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிரக் குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனெனில் “விளக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன்” என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இறங்கியதும் முதலில் தண்ணீர், ஓரிரு மணி நேரம் கழித்தே தீவனம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை சர்க்கரையோ வெல்லமோ கரைத்து முதல் அரை நாளுக்கு மட்டும் வைத்தால் போதும். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். தட்டில் கூழாங்கல் போட்டால் சோர்ந்த குஞ்சு முகம் கவிழ்ந்து மூழ்காது.

நிற்க முடியாத குஞ்சைக் கூட்டத்திலிருந்து பிரித்து, துணி விரித்த சிறு பெட்டியில் சூட்டில் வைப்பதுதான் முதல் வேலை. உடல் குளிர்ந்திருக்கும்போது வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய்விடும். ஆகவே சூடேறித் தலை தூக்கிய பிறகு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, அதுவே விழுங்கும்படி விட வேண்டும். பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்த்தெடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் உலர்ந்த பின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இந்தத் தாளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத நுண்ணுயிர்க்கொல்லிப் பொடியைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பயணச் சோர்வுக்கு அது மருந்தல்ல. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தருவதற்காகக் கோலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019-இல் தடை செய்தும், எதையாவது கலக்கிக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் அப்படியே இருக்கிறது.

நூற்றுக்கு இரண்டு குஞ்சு கூடுதலாக வைப்பதால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது என்று உங்களில் சிலர் கருதலாம். இருபத்தைந்து குஞ்சு வாங்கி முற்றத்தில் வளர்க்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் அரைக் குஞ்சுதான் வரும். எனவே பொரித்த நாளும் நேரமும், பேருந்தில் ஏற்றிய நேரமும், போட்ட தடுப்பூசியும், அழைக்க ஓர் எண்ணும் பெட்டி மேல் இருக்கட்டும். பொரித்து 24 மணி நேரம் கடந்த குஞ்சுகளை நெடுந்தொலைவுக்கு ஏற்றாமல் உள்ளூரிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த பொரிப்பிலேயே இதைத் தொடங்க முடியும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்போரில் ஒருவர்