கயலுக்கு, கிரேக்கர்களைப் பற்றி

அன்பு கயல்,

போனில் நீ கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கிரீஸில் நீ இருக்கும் தெசலோனிகியில் எல்லோரும் சாக்ரடீஸையும் அலெக்சாண்டரையும் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்துப் போனால், வீட்டுக்காரப் பாட்டி எப்போதும் 1922ஐப் பற்றியே பேசுகிறார், ஏன் என்றாய். பாட்டி சரியான இடத்தில்தான் தொடங்குகிறார், கண்ணு.

நம் பள்ளிப் பாடம் அலெக்சாண்டரோடு நின்றுபோகிறது. அப்புறம் ரோமானியர் வந்தார்கள், கிறிஸ்தவம் வந்தது, கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, தலைநகராகக் கொண்ட பேரரசில் கிரேக்கம் பேசியவர்கள் ஆயிரம் வருடம் தங்களை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 1453 மே 29, செவ்வாய்க்கிழமை, அந்த நகரம் ஒட்டோமான் துருக்கியர் வசமானது. நம்மூரில் செவ்வாயன்று நல்ல காரியம் தொடங்கத் தயங்குவோம் இல்லையா, கிரேக்கருக்கும் அது ஆகாத நாள், அவர்கள் சொல்லும் காரணம் இது.

ஒட்டோமான் ஆட்சி மக்களைப் பிரித்தது மதத்தை வைத்துத்தான், மொழியை வைத்து அல்ல. இதை மட்டும் மறக்காதே, மற்றதெல்லாம் புரிந்துவிடும். 1821இல் கிளர்ச்சி வெடித்தபோது கப்பல்களோடு முன்னால் நின்ற ஹைட்ரா, ஸ்பெட்சஸ் தீவுக்காரர்களில் பலர் வீட்டில் பேசியது ஒருவகை அல்பேனிய மொழி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் என்பதால் அவர்கள் கிரேக்கர்கள், யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. 1827இல் நவாரினோவில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து ஒட்டோமான் கடற்படையை நொறுக்கின, 1830இல் தனிநாடு அங்கீகாரம் பெற்றது, பவேரியாவிலிருந்து ஓட்டோ என்ற பதினேழு வயதுப் பையனை அரசனாக்கினார்கள்.

புதிய நாட்டுக்குப் பழைய பெருமை வேண்டியிருந்தது. ஏதென்ஸில் பழைய கோயில்கள் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸில் இருந்த மசூதி, வீடுகள், 1875இல் இடைக்காலக் கோபுரம் ஒன்று, எல்லாவற்றையும் இடித்து, ஏதென்ஸின் பழங்காலத் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அங்கே அத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்களின் தடம் போய்விட்டதே.

இப்போது பாட்டியின் கதைக்கு வருகிறேன். 1919இல் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில், அதாவது துருக்கியின் இன்றைய இஸ்மிரில், இறங்கியது. உள்நாட்டுக்குள் வெகுதூரம் போய் 1922இல் துருக்கியரிடம் தோற்றது, செப்டம்பரில் ஸ்மிர்னா எரிந்தது. மறுவருடம் சுவிட்சர்லாந்தின் லொசானில் இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. ஏறக்குறைய 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, மூன்றரை லட்சத்துக்கும் மேல் முஸ்லிம்கள் துருக்கிக்கு. யார் எங்கே போவது என்பதை முடிவு செய்தது மதம்! துருக்கியின் நடுப்பகுதியான கப்படோக்கியாவில் துருக்கி மொழி மட்டுமே தெரிந்து, அந்த மொழியையே கிரேக்க எழுத்தில் எழுதி வாசித்த கிறிஸ்தவர்கள் கிரேக்கராகி வந்து இறங்கினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் மட்டுமே பேசிய முஸ்லிம்கள் துருக்கியராகிப் போனார்கள். வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் 'துருக்கி விதை' என்று ஏசினார்கள். பாட்டியின் பெற்றோர் காதிலும் அது விழுந்திருக்கும்.

நீ இருக்கும் ஊரையே எடுத்துக்கொள். 1912இல் கிரேக்கப் படை அதைக் கைப்பற்றியபோது அங்கே யூதர்களே அதிகம், அடுத்து முஸ்லிம்கள், கிரேக்கர்கள் மூன்றாவதுதான். நவீன துருக்கியை நிறுவிய முஸ்தபா கமால் அத்தாதுர்க் பிறந்த ஊரும் அதுதான். மக்கள் பரிமாற்றத்தில் முஸ்லிம்கள் போனார்கள், 1943இல் யூதர்களை நாஜிகள் ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள், ஏறக்குறைய எல்லோரும் அழிந்தார்கள். நீ படிக்கும் வளாகம் யூதர்களின் பழைய இடுகாட்டின் மேல் நிற்கிறது. 2014இல்தான் அங்கே நினைவிடம் வைத்தார்கள். ஒருநாள் போய்ப் பார், கட்டாயம் பார்.

அக்டோபர் 28 அன்று அங்கே பெரிய ராணுவ அணிவகுப்பு நடக்கும். 1940இல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி விடுத்த கெடுவை கிரீஸ் மறுத்த நாள். பாட்டியோடு போ, அவர் சொல்வதைக் கேள். அப்புறம் அவர் வீட்டார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று கேட்டு எழுது, நான் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பார்க்கிறேன்.

அப்பா