மகள் அழாதிருந்தபோது எங்களிடம் பேசியவர்களுக்கு

அன்று அறுவை அரங்கில் பணியிலிருந்த மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், செவிலியர்கள், உதவியாளர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

மகள் நலமாக இருக்கிறாள். அவள் உயிரைக் காத்ததற்கான நன்றியை வீடு திரும்பும்போதே சொல்லிவிட்டோம். அவளுக்கு நீங்கள் மூச்சூட்டிக்கொண்டிருந்த அதே வேளையில் எங்களிடம் பேசிய விதத்துக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட தாய்க்கு வலி தெரியாதே தவிர, நினைவு முழுமையாக இருக்கிறது. நெஞ்சுக்கு மேல் கட்டிய திரை பார்வையை மறைப்பதால், காதில் விழும் ஒவ்வொரு ஓசைக்கும் அவள் தனக்குத் தெரிந்த பொருளைக் கற்பித்துக்கொண்டு கிடக்கிறாள். இதை நீங்கள் முன்பே எண்ணிப் பார்த்திருந்தீர்கள். அறுவைக்கு முன் குழந்தை மருத்துவர் எங்களிடம் வந்து, ஏறக்குறைய 10 குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் மூச்செடுக்க ஏதேனும் உதவி தேவைப்படும் என்றும், அப்படி நேர்ந்தால் தம்மால் எங்களிடம் பேச இயலாது, ஆனால் வேறொருவர் கட்டாயம் பேசுவார் என்றும் சொல்லிவைத்தார். பின்னர் அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் வேலை செய்தபோது, எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று தோன்றாததற்கு அந்தச் சொல்லே காரணம்.

மகள் பிறந்தாள், அழவில்லை. தலைமாட்டிலிருந்த மயக்க மருத்துவர் என் முகத்தருகே குனிந்து, "பெண் குழந்தை பிறந்திருக்கிறாள் அம்மா. இன்னும் மூச்செடுக்கத் தொடங்கவில்லை. துடைத்து, முதுகைத் தேய்த்துவிடுகிறார்கள்" என்றார். சற்று நேரத்தில், "முகமூடி வைத்து, பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கிறார்கள்" என்றார். குழந்தை மருத்துவர் இதயத் துடிப்பை உரக்கச் சொல்லச் சொல்ல, அது 100-ஐத் தாண்ட வேண்டும் என்பதையும், இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது என்பதையும் எனக்கு விளங்கும்படி அவர் எடுத்துச் சொன்னார். மூச்சூட்டும் கைகள் ஒரு நொடியும் நிற்கவில்லை. எனக்கும் செய்தி வந்துகொண்டேயிருந்தது. "பிழைத்துவிடுவாளா?" என்று நான் கேட்டதற்கு, "இப்போதே சொல்ல முடியவில்லை அம்மா, தெரிந்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்" என்று பதில் வந்தது. ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தால், அதன் பிறகு அவர் சொன்ன எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன். முதல் அழுகை கேட்டபோது, அது அவளுடைய குரல்தான் என்று உறுதி சொன்னவரும் அவரே.

என் கணவருக்கென்றே ஒரு செவிலியர் நின்றார். எங்கே நின்றால் வேலைக்கு இடையூறாகாது என்று காட்டி, உட்கார நாற்காலி கொடுத்து, உள்ளே இருப்பதும் வெளியே போவதும் அவர் விருப்பம் என்றார். பிறந்தவுடன் உடல் நீலம் பூத்திருப்பது இயல்பே என்றும், நலமான குழந்தைக்கும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 விழுக்காட்டைத் தாண்டச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்றும் அவர் விளக்கியிராவிட்டால், அந்த நிறத்தைப் பார்த்தே என் கணவர் நிலைகுலைந்திருப்பார். அரங்கில் மெல்லப் பாடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினீர்கள். யாரென்று தெரியாது, உங்களுக்கும் நன்றி.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லும் வழியில் வண்டியை என் தலையருகே நிறுத்தி, அவள் கையைத் தொடவிட்டீர்கள். அன்று மாலை குழந்தை மருத்துவர் எங்களிடம் வந்து, நின்றபடி பேசிவிட்டுப் போகாமல், உட்கார்ந்து, எங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று முதலில் கேட்டறிந்த பின்னரே நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். முதல் நிமிடத்தில் குறைவாகவும் ஐந்தாம் நிமிடத்தில் கூடுதலாகவும் இருந்த ஆப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் இதயத் துடிப்பு, மூச்சு, நிறம் முதலியவற்றைப் பார்த்துத் தருவது), அந்தந்த நிமிடத்தின் நிலையைத்தான் காட்டும். அதை மட்டும் வைத்து அவளுடைய எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்றார். அம்முறையை 1953-இல் வெளியிட்ட வர்ஜீனியா ஆப்காரும் ஒரு மயக்க மருத்துவர்தான் என்று பிறகு அறிந்தபோது, என் தலைமாட்டில் குனிந்து பேசிய முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆள் குறைவான இரவுப் பணியில், பெற்றோருடன் நிற்பதற்கென்று ஒருவரை ஒதுக்குவது எளிதல்ல என்பதை அறிவோம். ஆயினும் அப்பொறுப்பைப் பணிப்பட்டியலில் நிலையாகச் சேர்க்குமாறு நிர்வாகத்துக்குத் தனியே எழுதியிருக்கிறோம். அதனுடன் இம்மடலின் படியையும் இணைத்துள்ளோம்.

நன்றியுடன்,
குழந்தையின் பெற்றோர்