மை குடிக்கும் விதத்தைப் பார்த்து வாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சந்தையில் பார்த்ததாக நீ அனுப்பிய பேனாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கான்வே ஸ்டூவர்ட் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பேனா, பக்கவாட்டில் நெம்புகோல் வைத்தது. பச்சையும் கறுப்பும் கலந்த அந்த நிறத்துக்கு யாரும் மயங்கத்தான் செய்வார்கள். ஆனாலும் உன் முதல் பழைய பேனாவாக அதை வாங்காதே.

நல்ல தங்க நிப் லேசில் கெடாது. கீழே போடாமல் வைத்திருந்தால் தாத்தா எழுதியதில் பேரனும் எழுதலாம். முதலில் கெடுவது, மை நிரப்புவதற்காக உள்ளே வைத்திருக்கும் ஏற்பாடுதான். அதனால் ஒரு பேனா எப்படி மை குடிக்கிறது என்பதை முதலில் பார். நிறம், கிளிப் எல்லாம் அப்புறம்.

நெம்புகோல் முறைக்கு 1908ல் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஷேஃபர். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் நகைக்கடை வைத்திருந்தவர். நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே ஒரு பட்டை ரப்பர் பையை அழுத்தும். விட்டதும் பை விரிந்து மையை இழுக்கும். அருமையான யோசனை. ஆனால் ரப்பர் நாளாக நாளாக இறுகிவிடும். பழைய பேனாவில் நெம்புகோலைத் தூக்கினால் பை அப்பளம்போல் நொறுங்கும். புதுப் பை மாட்டலாம், கழுத்தில் அரக்குப் பூசி ஒட்டுவார்கள். சூடு காட்டினால் அரக்கு இளகும், அடுத்த முறை கழற்றவும் வசதி. இதெல்லாம் நீ பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் கான்வே ஸ்டூவர்ட் சில பேனாக்களைக் கேசினில், அதாவது பால் புரதத்தில், செய்தது. தண்ணீரில் ஊறினால் அது உப்பிவிடும். உன் படத்தில் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லை. கை பழகட்டும், பிறகு வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது எது என்று உனக்குத் தெரியும். கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடலுக்குள் நேராக மை ஊற்றும் பேனா. பையும் இல்லை, பிஸ்டனும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கெடுவதற்கு உள்ளே ஒன்றுமே கிடையாது. நம் திருவள்ளூரில் எபோனைட், அதாவது இறுக்கிக் கெட்டியாக்கிய ரப்பர், கட்டையைக் கடைசலில் கடைந்து இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் இதே வகைதான். நம் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா மூலமாக அந்தப் பேனா காந்திக்குப் போனது. காந்தி எழுதிப் பார்த்துவிட்டு 1935ல் ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். மை அடைத்தே விற்கும் சின்னக் கார்ட்ரிட்ஜ் குழாயில் ஒரு மில்லிகூடக் கொள்ளாது. ஊற்றும் பேனாவில் இரண்டு, மூன்று மில்லி தாராளமாகப் பிடிக்கும். பரீட்சைக் காலத்தில் எங்களுக்கு அது பெரிய தைரியம்.

இதிலும் ஒரு தொந்தரவு உண்டு. மை கால்வாசிக்கு இறங்கியதும் மீதி இடம் முழுக்கக் காற்று. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பேனா கக்கிவிடும். எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு. மரையில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் கழுத்தில் கசியாது. மை குறைந்ததும் காத்திருக்காமல் நிரப்பிவிட வேண்டும். வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதும் எனக்கு இது சரி. மாதம் தவறாமல் விமானம் ஏறும் உனக்குச் சரிவராது.

உனக்கு நான் சொல்வது பார்க்கர் 51. இங்கிலாந்தில் நியூஹேவன் தொழிற்சாலையிலும் செய்ததால் அங்கே சந்தைகளில் கிடைக்கும். ஆனால் 51 என்று கேட்டாலே வாங்கிவிடாதே. 1941ல் வந்த முதல் வகையில் வால் பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், திருகினால் உள்ளே அழுத்தும் குமிழ். அது ரப்பர் சவ்வை நம்பியிருப்பது. 1948ல் வந்த ஏரோமெட்ரிக்கைத் தேடு. உடலைக் கழற்றினால் உலோக உறையும் அதில் ஒரு அழுத்துபட்டையும் தெரியும். உறைக்குள் இருக்கும் பை ரப்பர் இல்லை, ஒருவகை பிளாஸ்டிக். எழுபது வருஷம் ஆன பேனாவிலும் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பைக்குள் மெல்லிய குழாய் ஒன்று நிற்கிறது. விமானத்தில் அழுத்தம் குறையும்போது விரியும் காற்றுக்கு அது வழிவிடும். இருந்தாலும் ஏறுமுன் முழுக்க நிரப்பி, நிப்பை மேல்நோக்கி வைத்துக்கொள்.

புதுப் பேனாதான் வேண்டும் என்றால் பெலிக்கான் வாங்கு. 1929லிருந்து பிஸ்டன் முறையில் செய்கிறார்கள். வாலைத் திருகினால் பிஸ்டன் இறங்கும், எதிர்ப்பக்கம் திருகினால் மையோடு ஏறும். நிப்பும் திருகிக் கழற்றக்கூடியது, கழுவ வசதி. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும். கார்ட்ரிட்ஜ் இடத்தில் மாட்டி மை இழுக்கும் சின்னக் குழாய்தான் கன்வர்ட்டர்; அந்தப் பேனாக்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கெட்டால் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம், மை மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் முதலில் வெறும் தண்ணீரை இழுத்து வெளியேற்று. தண்ணீர் தெளிந்து வரும்வரை செய், பழைய மை கட்டியாக உள்ளே கிடக்கும். படம் வரையும் இந்தியன் இங்க்கை எந்தப் பேனாவிலும் ஊற்றாதே, நிப்புக்கு அடியில் மை இறங்கும் நாக்கு அடைத்துக்கொள்ளும்.

அத்தை தை மாதம் அங்கே வருகிறாள். என் கறுப்பு எபோனைட் பேனாவைக் கழுவிக் காயவைத்து, ஃபில்லரோடு கொடுத்தனுப்புகிறேன். அதை வீட்டு மேஜைக்கு மட்டும் வைத்துக்கொள். 51 கிடைத்தால் வாங்குமுன் உடலைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா