மல்லிக்கு: மலையும் பாலையும் போதும்

அன்புள்ள மல்லி,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்றிரவு வரி விடாமல் படித்தேன். லாஸ் வேகஸில் இறங்கி சயான், பிரைஸ், மானுமெண்ட் வேலி, கிராண்ட் கேன்யன், பிறகு டெத் வேலி, கடைசியில் யோசெமிட்டி. எல்லாம் பத்து நாளுக்குள். படிக்கப் படிக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வரைபடத்தை வைத்துத் தூரத்தைக் கூட்டிப் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை. டிசம்பரில் அங்கே பகல் பத்து மணி நேரம்கூடக் கிடையாது. அதில் பாதி காரிலேயே போனால் கேமராவைப் பையிலிருந்து எடுப்பது எப்போது? அதோடு, கிழக்குப் பக்கமிருந்து யோசெமிட்டிக்குள் போகும் டியோகா கணவாய்ச் சாலையை நவம்பர் வாக்கில் பனிக்காக மூடினால் மே, ஜூனில்தான் திறப்பார்கள். சுற்றிக்கொண்டு போவதற்கே ஒரு நாள் பறிபோகும்.

அதனால் நான் சொல்வதைக் கேள். கலிபோர்னியாவில் இரண்டே இடம் போதும்: லோன் பைன், டெத் வேலி. ஒன்று மலையடிவார ஊர், மற்றது பாலைவனம். நடுவே ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவிலேயே உயரமான விட்னி சிகரம் 4,421 மீட்டர். வட அமெரிக்காவிலேயே தாழ்வான பேட்வாட்டர் படுகை கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டும் இந்தச் சின்ன வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. 164 மீட்டர் புக்கிட் தீமாவில் ஏறி வளர்ந்த நம் இருவருக்கும் இந்த ஒரு பயணத்துக்கு இது நிறையவே இருக்கிறது.

எங்கே எத்தனை நாள் என்பதை ஒளியை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சியரா நெவாடா மலைத்தொடர் லோன் பைனுக்கு மேற்கே நிற்கிறது. ஊரிலிருந்து நாம் பார்ப்பது மலையின் கிழக்கு முகம். அதனால் அங்கே படம் எடுக்கும் நேரம் விடியல்தான். சூரியன் எழுவதற்கு முன்னாலேயே உச்சிகள் சிவக்கத் தொடங்கி, அந்தச் சிவப்பு மெல்ல மெல்லப் பாறை வழியாகக் கீழே இறங்கி வரும். மாலையில் கதை வேறு. நமக்கு நடுப்பிற்பகல் போலத் தோன்றும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், அடிவாரம் முழுக்க நிழல். சிங்கப்பூரில் ஏழு மணிக்கு விடிந்தால் எட்டு மணிக்கெல்லாம் வெயில் உச்சந்தலையைச் சுடத் தொடங்கிவிடும், நல்ல ஒளி அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அங்கே மார்கழிச் சூரியன் நடுப்பகலிலும் தாழ்வாகவே போகும். பாறைக்கும் மணலுக்கும் நாள் முழுவதும் நீண்ட நிழல் இருக்கும். குளிர்காலம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இதோடு நிலாவையும் சேர்த்துக்கொள். அம்மாவின் பஞ்சாங்கத்தை எடுத்து மார்கழிப் பௌர்ணமியைப் பார்த்துவிட்டேன், திருவாதிரை வாக்கில் வருகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். முழுநிலவன்று சூரியன் உதிக்கும் வேளையில் நிலா மேற்கே மலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் மலை அவ்வளவு உயரமாக நிற்பதால் நிலா முன்னதாகவே மறைந்துவிடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ போனால் உச்சியில் வெயில் பட்ட பிறகும் நிலா மேலே நிற்கும். இன்னொன்று, மார்கழி நிலா வடமேற்கு ஓரமாகத்தான் இறங்கும். விட்னிக்கு நேர் மேலே வராது, வலப்பக்கத்துச் சிகரங்களின் மேல்தான் வரும். ஆகவே முதலில் லோன் பைன். அதற்குப் பிறகு டெத் வேலி போகும்போது நிலா ஒவ்வொரு நாளும் சுமார் ஒரு மணி நேரம் தாமதித்து எழும், முன்னிரவு இருட்டாகக் கிடைக்கும். வரிசையை மாற்றினால் இரண்டுமே கெட்டுவிடும்.

ஊருக்குப் பக்கத்திலேயே அலபாமா ஹில்ஸ் இருக்கிறது. உருண்டு திரண்ட பழுப்புப் பாறைகள், நடுவே மண்சாலை, பின்னால் வெள்ளைச் சிகரங்கள். அங்கே நின்று பார்த்தால் இடப்பக்கம் லோன் பைன் சிகரம்தான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. விட்னி பின்னால் தள்ளி, ஊசி ஊசியான பாறைகளோடு சிறியதாகத் தெரியும். வருகிறவர்கள் பலர் தப்பான மலையை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறேன், விட்னிக்கு அதுதான் சரிவரும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1944இல் எடுத்த படம் உனக்கு நினைவிருக்கும். மேலே வெயில் பட்ட பனிமலை, நடுவே கரிய குன்று, கீழே ஒரு துண்டு வெளிச்சத்தில் மேயும் குதிரை. லோன் பைனில் பல விடியல்கள் குளிரில் காத்திருந்து எடுத்தது. அந்தக் கரிய குன்றின்மேல் உள்ளூர் மாணவர்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளை வெள்ளையாகப் பதித்திருந்தார்கள். ஆடம்ஸ் அதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டார். படம் அழகுதான், ஆனால் நானாக இருந்தால் விட்டுவைத்திருப்பேன். அந்தப் பிள்ளைகளும் அந்த மலையடிவாரத்தைச் சேர்ந்தவர்கள்தானே.

அவர் அந்தப் பக்கம் வந்ததே மான்சனார் தடுப்பு முகாமைப் படமெடுக்கத்தான். லோன் பைனுக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர், 395ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும் என்று உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. அமெரிக்க அதிபர் ரூசவெல்ட் தம் நாட்டிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்த வழிசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டது பிப்ரவரி 19. நான்கே நாள் இடைவெளி. இங்கே நம் தாத்தா பாட்டிமார் ஜப்பானியச் சிப்பாயைக் கண்டு நடுங்கி மரவள்ளிக்கிழங்கு தின்று நாளைக் கடத்தினார்கள். அதே ஆண்டு அங்கே, அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்களையும் முகத்தைப் பார்த்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். மான்சனாரில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல். சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துப் போனவர்களைப் பற்றிப் பாட்டி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த இன்னொரு பக்கத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. முகாமின் இடுகாட்டில் ஒரு வெள்ளைத் தூண் நிற்கிறது, அதற்குப் பின்னால் பனிமலை. அதைப் படமெடுக்க எனக்குக் கை வருமா தெரியாது. நின்று பார்த்துவிட்டாவது வருவோம்.

அடுத்து டெத் வேலி. 190ஆம் சாலையில் டவுன் கணவாய் 1,500 மீட்டருக்கு ஏறி, அங்கிருந்து கடல் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது. 1913 ஜூலையில் 56.7 டிகிரி என்று பதிவான இடம், டிசம்பரில் ஸ்வெட்டர் போட்டு நடக்கலாம். பேட்வாட்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே பாறையில் கடல் மட்டம் எது என்று காட்டும் பலகை இருக்கிறது, கழுத்தை நன்றாக நிமிர்த்தினால்தான் தெரியும். கூட்டம் மிதித்த இடத்தில் உப்பு தட்டையாக இருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து போனால்தான் அறுகோணம் போன்ற கட்டங்கள் வரும். அடியிலிருந்து ஊறிவரும் நீர் வற்றும்போது உப்பு விளைந்து, ஒன்றையொன்று நெருக்கி, ஓரங்களில் வரப்பு கட்டிக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் கொட்டிய மழையில் அந்த உப்புவெளி ஏரியாகிப் பல மாதம் தண்ணீர் நின்றது. சாலைகளும் அரித்துப் போயின. ஆகவே கிளம்புமுன் பூங்காவின் சாலை நிலவரத்தைக் கட்டாயம் பார்ப்போம்.

மெஸ்கிட் மணல்மேட்டில் நீ உச்சிவரை ஏற வேண்டாம், முழங்காலைப் பார்த்துக்கொள். மேடுகளுக்கு நடுவே பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை, நடந்து போகிற தூரத்திலேயே இருக்கிறது. தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு வெடிப்பிலும் நிழல் விழும். நான் விடியுமுன் டார்ச்சோடு உள்ளே போய்க் காலடி படாத மணலைத் தேடுகிறேன்.

நகரும் கற்களைப் பார்க்க ரேஸ்ட்ராக் என்ற வறண்ட ஏரித்தரைக்குப் போகலாம் என்று எழுதியிருந்தாய். எனக்கும் கொள்ளை ஆசை. மழைநீர் மெல்லியதாகத் தேங்கி, இரவில் உறைந்து, காலை வெயிலில் பெரிய பெரிய தகடுகளாக உடைய, லேசான காற்று அந்தப் பனித்தகட்டைத் தள்ள, அது கல்லைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று 2014இல்தான் உறுதிசெய்தார்கள். ஆனால் கடைசி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கூர்ங்கல் சாலை. கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. வாடகைக் காரின் டயர் கிழிந்தால் நாம் இருவரும் நடுக்காட்டில் நிற்க வேண்டும். இந்தத் தடவை வேண்டாம்.

இரவில் கிழக்கே திருவாதிரை எழுவதைப் பார்ப்போம். இங்கே பத்தாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து அந்தச் செம்மீனும் அதன் பக்கத்தில் மூன்று நட்சத்திரங்களும் மட்டும்தான் தெரிகின்றன. அங்கே மிச்சமிருப்பதையும் பார்த்துவிட வேண்டும்.

காரைப் பற்றி: பனிச்சாலை வந்தால் நீதான் ஓட்ட வேண்டும், நியூ ஜெர்சியில் பழகியவள். பாலைவனத்துப் பக்கம் நான் ஓட்டுகிறேன். அனைத்துலக ஓட்டுநர் அனுமதிக்கு வாகன ஓட்டிகள் சங்கத்தில் விண்ணப்பிக்கப் போகிறேன். லோன் பைனிலேயே டாங்கை நிரப்பிவிடுவோம், பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் விலை ரொம்ப அதிகம். பேட்டரிகளைக் கேமராப் பையில் வைக்காதே, குளிரில் சட்டென்று இறங்கிவிடும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள். இங்கே ஏர்கானிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியுமே, அங்கே அது குளிரிலிருந்து அறைக்குள் நுழையும்போது நடக்கும். வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அறைக்குள் வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திற.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு இப்போது சக்கர நாற்காலிதான், ஆனால் ஞாயிறு தவறாமல் தேக்காச் சந்தைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். நான் இல்லாத நாட்களில் தங்கை வந்து தங்குகிறாள். உன் பேச்சு எடுத்தாலே, "அந்தப் பிள்ளை சாப்பிடுதா?" என்று கேட்கிறார். பொங்கலுக்கு முன் நான் திரும்பிவிட வேண்டும், அதை மட்டும் மனதில் வை.

டிசம்பர் கடைசியில் கூட்டம் அதிகம். டெத் வேலிக்குள் தங்குமிடங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம், வாடகையும் ஏறியிருக்கும். இந்த வாரத்துக்குள் சரி என்று சொல்லிவிட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் டிக்கெட்டையும் அறைகளையும் நான் போட்டுவிடுகிறேன், சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விரல்நுனி திறக்கிற கம்பளிக் கையுறை ஒரு ஜோடி எனக்கு அங்கேயே வாங்கி வை. இங்கே கிடைப்பதெல்லாம் மெல்லிசு. உனக்கு இங்கிருந்து என்ன வேண்டுமென்று எழுது.

அன்புடன்,
கமலா