வாங்குவதற்கு முன் உங்கள் பழைய படங்களைக் காட்டுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜையும் தீபாவளியும் நெருங்கும் நேரத்தில் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "பாடியை மாத்தலாமா, லென்ஸ் வாங்கலாமா?" என்பதுதான் (பாடி என்பது லென்ஸ் நீங்கலான கேமரா). பதில் சொல்வதற்கு முன் உங்கள் மெமரி கார்டைக் கேட்கிறோம். சிலருக்கு அது சங்கடமாக இருக்கிறது, பணத்தோடு வந்தவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது போலத் தோன்றுகிறது. ஏன் கேட்கிறோம் என்று விளக்கத்தான் இந்த மடல்.

கல்யாண ஆர்டர் எடுப்பவர்களின் கணக்கு வேறு. அவர்கள் போட்ட பணம் முகூர்த்த மாதங்களில் திரும்பி வந்துவிடும். ஆசைக்காகப் படம் எடுக்கும் நீங்கள் கொண்டு வருவது மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். அது உருப்படியான பொருளாக மாற வேண்டும் என்ற அக்கறை எங்களுக்கும் உண்டு.

கேமரா ஒவ்வொரு படத்தோடும் ஷட்டர் ஸ்பீட் (வெளிச்சம் விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), எத்தனை எம்எம் (எண் சிறிதானால் அகன்ற காட்சி, பெரிதானால் நெருக்கம்) என்பதையெல்லாம் பதிந்து வைக்கிறது. உங்களுக்கு என்ன தேவை என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் 18-55 லென்ஸில் எடுத்தவை எல்லாம் 18 எம்எம்மில் முட்டி நிற்கின்றனவா? மாட வீதிக் கூட்டத்தில் பின்னால் நகர இடமில்லாமல் எடுத்திருக்கிறீர்கள், வைட் லென்ஸ் பாருங்கள். எப்போதும் 55-லேயே நிற்கின்றனவா? அப்போது தேவை நேர் எதிர், தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ்.

அண்மையில் ஒருவர் மகளின் நடன நிகழ்ச்சிப் படங்களைக் கொண்டுவந்தார். முகம் ஓரளவு தெளிவு, கை விரல்கள் மட்டும் கலங்கியிருந்தன, பின்னணித் திரை முழுக்க நாய்ஸ் என்னும் புள்ளிக் கலங்கல். ஃபுல் ஃப்ரேமுக்கு (படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள பாடிக்கு) மாறிவிடும் முடிவோடுதான் வந்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ், அபெர்ச்சர் எஃப் 5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் ஸ்பீட் 1/30. ஆடுகிறவரின் கையை 1/30 நிறுத்திப் பிடிக்காது. அதே இடத்தில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓவைத் தொடாமலேயே 1/250-க்குப் போகலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு அவருடைய கிராப் சென்சாரைப் போல இரண்டே கால் மடங்கு. அதில் எஃப் 5.6 லென்ஸையே மாட்டினால் நாய்ஸ் ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) சற்று மேல் குறையும், அவ்வளவுதான். லென்ஸ் தருவதோ மூன்று ஸ்டாப்புக்கும் மேல், அதுவும் பாடி விலையில் ஒரு சிறு பங்கில். எஃப் 1.8-இல் கிட்டே நின்று எடுத்தால் ஒரு கண் ஃபோகஸில் இருக்க மறு கண் விலகிப்போகும். அது பழகப் பழகக் கைவரும்.

பறவைப் படம் எடுப்பவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்கிறோம். பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பூநாரை எடுக்கிறவர்கள் 70-300 லென்ஸோடு வந்து, படம் சிறிதாக விழுகிறது, ஃபுல் ஃப்ரேம் வேண்டும் என்கிறார்கள். நிக்கான், சோனி கிராப் பாடியில் 300 எம்எம் என்பது 450 எம்எம் காட்டும் அளவுக்குப் பறவையை நெருக்கிக் காட்டுகிறது. ஃபுல் ஃப்ரேமில் அந்தச் சலுகை போய்விடும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தை அதே அளவுக்கு வெட்டினால் கையில் நிற்பது பத்தரை மெகாபிக்சல். இன்னொன்று, பத்து மணிக்கு மேல் வெயிலில் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று அலையாடும். அந்த நேரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த டெலி லென்ஸும் மெழுகு பூசியது போன்ற படத்தைத்தான் தரும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

பாடியை மாற்றியே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு, அப்போது தயங்காமல் சொல்வோம். ஓடும் குழந்தையையும் பறக்கும் கொக்கையும் பழைய பாடி தொடர்ந்து தவறவிட்டால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களின் ஃபோகஸ் பெரிய வித்தியாசம்தான். மெகாபிக்சலுக்காக மட்டும் மாற்ற வேண்டாம். 12-க்கு 18 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும், 20 மெகாபிக்சல் போதும்.

மாறுவது என்று முடிவானால் வீட்டிலுள்ள லென்ஸ்களையும் கணக்கில் சேருங்கள். கேனானும் நிக்கானும் 2018-இல் புது மௌண்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்க்கு) போய்விட்டன. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் புதுப் பாடியில் அடாப்டர் என்னும் இடை வளையத்தில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் கவனம் தேவை: உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு நிக்கானின் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருப்ப வேண்டும். அப்பா வைத்திருந்த லென்ஸ் என்று பிரியத்தோடு பாதுகாப்பவர்கள் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு மனம் வருந்தக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை நாங்கள் தாராளமாகப் பரிந்துரைப்போம், ஒரு நிபந்தனையோடு: டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் விடுங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, தோல் பையோடு பீரோவில் பூட்டிவைத்த லென்ஸில் அது வந்தே தீரும். கண்ணாடி மேலுள்ள கோட்டிங் பூச்சை அரித்துவிட்டால் கழுவினாலும் தழும்பு போகாது. ஏற்கெனவே நல்ல லென்ஸ் இருக்கிறதென்றால், இந்த வருடம் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான டிரை கேபினட் மட்டும் வாங்குங்கள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறோம். அதற்கும் வசதியில்லையா, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். அப்புறம், ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்தும் மனம் தெளியவில்லையென்றால் அந்த லென்ஸை ஒரு சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துப் போங்கள். பிறகு அதையே வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்வோம்.

வரும்போது வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேண்டாம், அவற்றில் இந்த விவரங்கள் இருக்காது. கார்டையோ மூலக் கோப்புகளையோ கொண்டுவாருங்கள். பிடித்த படங்களோடு, சரியாக வராத படங்களையும் அழிக்காமல் வையுங்கள். எங்களுக்கு அவைதான் அதிகம் உதவும். மாலை நேரத்தில் கூட்டம் இருக்கும், காலையில் வந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் கேமரா கடையினர்
திருவல்லிக்கேணி, சென்னை