வகுப்பு ஒன்லைனில் நடந்தால் லைப்ரரியைப் பூட்ட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் ஒரு தொழிற்கல்வி நிறுவனத்தில் எட்டு வருடமாகக் கணக்கியல் படிப்பிக்கிறேன். நிரந்தர ஆள் இல்லை, வருகைதரு விரிவுரையாளர். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் ஒரு இடத்தைக் குற்றம் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, வேறு இடங்களில் படிப்பிக்கிற நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து எங்கள் நூலகம் சனி, ஞாயிறு திறப்பதில்லை. வார நாட்களில் பின்னேரம் மூன்றரைக்குப் பூட்டு. ஏன் என்று கேட்டால், பகுதிநேர வகுப்பெல்லாம் ஒன்லைனுக்குப் போய்விட்டது, பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது, புத்தகம் எல்லாம் நெட்டில் இருக்கிறது, பிறகு யாருக்காகத் திறந்து வைப்பது என்கிறார்கள்.

யாருக்காக என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஒன்லைன் வகுப்பு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நேரம் எனக்குச் சூம் என்றால் என்னவென்றே தெரியாது, அக்காவின் மகன்தான் போனில் போட்டுத் தந்தான். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துவிடும், ஐந்தொகை பாதியில் நிற்கும், வட்ஸ்அப்பில் திரும்ப லிங்க் போட்டு எல்லாரும் வந்து சேரப் பத்து நிமிடம் போய்விடும். "மிஸ் கேக்குதா", "மிஸ் கரண்ட் போயிட்டு", இதையே கேட்டுக்கொண்டு இரண்டு வருடம் ஓடியது. அந்த நேரம் அரச பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு லேர்ன் என்ற பல்கலைக்கழக இணைய வலையமைப்பு வழியாக டேட்டாக் காசு இல்லாமல் சூம் வகுப்புக்கு வசதி செய்து கொடுத்தார்கள், நல்ல வேலை. என் வகுப்புப் பிள்ளைகள் ரீலோட் போட்டுத்தான் படித்தார்கள். அப்படியிருந்தும் ஒன்லைன் வகுப்பால்தான் படிப்பை விடாமல் தொடர்ந்தவர்கள் எத்தனை பேர்! ஆடைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிற பிள்ளை, கைக்குழந்தையோடு இருக்கிற தாய், நோன்பு காலத்தில் நோன்பு திறக்கிற நேரத்தில் வகுப்பு வைத்தால் வர முடியாத காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகள், இவர்களெல்லாம் ரெக்கோர்டிங்கைப் போட்டுப் பார்த்துத்தான் சித்தியடைந்தார்கள். அந்த வசதியை இனி யாரும் நிறுத்தக் கூடாது.

ஆனால் வகுப்பு போனுக்குள் வந்த பிறகு லைப்ரரியின் தேவை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு ஒப்படை.

போன வருடம் ஒரு கடையின் விற்பனைக்கு வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி கணித்துப் பேரேட்டில் பதியச் சொல்லிக் கொடுத்திருந்தேன். சிலர் அதை ஜி.எஸ்.டி. என்று எழுதி, தொகையை இரண்டாகப் பிரித்து, மத்திய அரசுக்குப் பாதி மாநில அரசுக்குப் பாதி என்று பதிந்து அனுப்பியிருந்தார்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, கொப்பியும் துப்புரவு, ஆனால் அது இந்தியாவின் வரி. விசாரித்துப் பார்த்தால், யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் அழகாகத் தமிழில் விளங்கப்படுத்துகிறார், அதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அவர் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் மேலும் நான் பிழை சொல்ல மாட்டேன். தமிழில் தேடினார்கள், தமிழில் கிடைத்ததை நம்பினார்கள்.

சரியாகச் செய்தவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். "லைப்ரரியில மிஸ், அக்கா ஒட்டி வைச்சிருக்கா" என்றார்கள். அக்கா என்று அவர்கள் சொன்னது எங்கள் நூலகரை.

போய்ப் பார்த்தேன். வரி பற்றிய அந்தப் புத்தகம் கொஞ்சம் பழையது, அதில் வற் 8 வீதம் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. 2022 ஜூன் 1 முதல் 12 வீதம், 2022 செப்டெம்பர் 1 முதல் 15 வீதம், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம், பச்சைப் பேனையால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தது. 18 என்ற வரி மற்றதைவிடப் புதிய மை. அதாவது ஒவ்வொரு முறை வரி கூடும்போதும் அந்தப் புத்தகத்தை இறாக்கையிலிருந்து எடுத்து, பக்கத்தைத் தேடி, எழுதி, திரும்ப வைத்திருக்கிறார். அதற்கான பத்திரிகைச் செய்தியை வெட்டி ஒரு பைலிலும் போட்டு வைத்திருந்தார். யாரும் அவரிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. நான் கூடச் சொல்லவில்லை, அது எனக்கு இப்போதும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, என் பாடம் அல்லவா.

அந்த அக்கா போன வருடக் கடைசியில் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஒபிஸில் வேலை செய்கிற ஒரு தம்பி சாவியோடு வருகிறார், நல்ல பொடியன், ஆனால் கதவைத் திறப்பதும் பூட்டுவதும்தான் அவருக்குக் கொடுத்த வேலை. 657 என்றால் கணக்கியல், அந்த இலக்கம் உள்ள இறாக்கையில் பார் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல அவருக்கு யாரும் பழக்கவில்லை. பத்திரிகை வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள், போனில் வாசிக்கலாம்தானே என்று. அடுத்த முறை வரி மாறினால் அந்தத் துண்டில் யார் எழுதுவது?

அப்புறம், புத்தகம் எல்லாம் நெட்டில் இருக்கிறது என்கிற கதை. எங்கள் பாடநெறி ஆங்கில மொழிமூலம். வருகிற பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பெறுமானத் தேய்வு என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கணக்குச் செய்வார்கள், அதையே ஆங்கிலத்தில் டிப்ரீசியேஷன் என்றதும் முழிப்பார்கள். இதைத் தாண்டுவதற்கு அவர்கள் தாங்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். லைப்ரரி மேசையில் இடது பக்கம் தமிழ்ப் புத்தகம், வலது பக்கம் ஆங்கிலப் புத்தகம், நடுவில் ஒரு சி.ஆர். கொப்பி, அதில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு போவார்கள். ஒரு மேசையில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். இந்த வேலையை ஆறு அங்குலப் போனில் செய்து பாருங்கள். ஒரு பி.டி.எப். திறந்தால் மற்றது மூடிவிடும், எழுத்தைப் பெரிதாக்கினால் அட்டவணையின் பாதி வெளியே போய்விடும், இடையில் அம்மா கோல் எடுப்பார்.

நெட்டில் நல்லது இல்லை என்று சொல்லவில்லை. நூலகம் என்ற இணையத்தளம் 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி இலவசமாகத் தருகிறது, எவ்வளவு பெரிய சேவை அது. என் வகுப்பில் அதைத் தெரிந்திருந்தவர்கள் மூன்றோ நாலோ பேர்தான், அவர்களுக்கும் காட்டிக் கொடுத்தது அதே லைப்ரரி அக்காதான். நெட்டில் இருக்கிறது என்று சொல்கிறவர்கள், எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று காட்டுவதற்கு ஒரு ஆளையும் போட வேண்டும்.

வீட்டு நிலைமை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கத்திலிருந்து, வெல்லாவெளி, மண்டூர், கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைத் தாண்டுவது எவ்வளவோ சுகம், அதற்கு முன்னம் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைக்குக் காத்திருந்து வந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் சிக்னல் இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. ஒரு பிள்ளை பின்னேர வகுப்புக்குக் குளக்கட்டில் ஏறி நின்றுதான் சேருவார். ஆறரை ஆனதும் "மிஸ் நான் போகணும், ஆனை வாற நேரம்" என்று மெசேஜ் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். அந்தப் பக்கத்தில் யானை என்பது பகிடிக்கதை இல்லை, வேலி உடைந்து, வீடு உடைந்து, ஆள் இறந்து போகிற விஷயம். அந்த மெசேஜைப் பார்த்த பிறகு, வகுப்புக்கு ஏன் முழுக்க இருக்கவில்லை என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

அவரைப் போன்றவர்களுக்கு இரவு எட்டு மணி வரை லைப்ரரி திறந்தாலும் பிரயோசனம் இல்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் முதலில் பின்னேர நேரத்தைக் கூட்டச் சொல்லித்தான் கேட்க நினைத்தேன், பிள்ளைகளோடு கதைத்த பிறகுதான் விளங்கியது, அவர்களுக்குத் தேவை சனிக்கிழமை. காலையில் பஸ் ஏறி வந்து, முழுப் பகலும் இருந்து, அந்தக் கிழமை ரெக்கோர்டிங்கை எல்லாம் வை-பையில் இறக்கி, புத்தகத்தைப் பார்த்து எழுதி, வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் சனி ஞாயிறுதான் வசதி. அந்த இரண்டு நாளையும் பார்த்துத்தான் பூட்டியிருக்கிறார்கள்.

தூர இருந்து படிப்பது எங்கள் பகுதிக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தவர், பிறகு ஆசிரியராக வேலை செய்துகொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பரீட்சையை இங்கிருந்தபடியே எழுதிச் சித்தியடைந்தார். வேலையும் படிப்புமாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்கிற கதை இது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு படிக்க அவருக்கும் புத்தகமும் மேசையும் வேண்டியிருந்திருக்கும்.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய கிழமையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. டீசல் கிடைத்த நாளில் எங்கள் நிறுவனத்தில் ஜெனரேட்டர் போடுவார்கள், அன்றைக்கு லைப்ரரியில் இருக்க இடம் இராது. ஒரு ப்ளக்கில் நாலு போன் தொங்கும். அக்கா யாருடையது எது என்று துண்டு எழுதிப் போனின் கீழ் வைப்பார்.

இரண்டு கிழமைக்கு முன்னம் ஒரு சனிக்கிழமை விடைத்தாள் கொடுக்கப் போயிருந்தேன். லைப்ரரி விறாந்தைப் படியில் இரண்டு பிள்ளைகள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். "இதில வை-பை கொஞ்சம் வருது மிஸ்" என்றார் ஒருவர். வெயில் படி மேல் ஏற ஏற இருவரும் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன், கதிரை எல்லாவற்றையும் மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமைக்கு ஆள் போட்டால் மேலதிகக் கொடுப்பனவுக்குக் காசு இல்லை என்று சொல்வார்கள் என்று தெரியும். சரி, திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் காலையில் திறக்க வேண்டாம், அந்த நேரம் யாரும் வருவதில்லை என்பது உண்மைதான். அந்த மணித்தியாலங்களைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். ஓய்வுபெற்ற அக்காவின் இடத்துக்கு நூலகப் பயிற்சி உள்ள ஒருவரை எடுங்கள், எங்கள் மாவட்டத்தில் அப்படிப் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு ஆங்கிலப் பத்திரிகை திரும்ப எடுங்கள். ஒன்லைன் வகுப்புக்கு மென்பொருள் வாங்க, கெமரா வாங்க என்று காசு ஒதுக்குகிற இடத்தில் இவ்வளவுக்கும் இடம் இருக்க வேண்டும்.

புது ஆள் வரும் வரை சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து நானே வந்து லைப்ரரியில் இருக்கிறேன், கொடுப்பனவு எதுவும் வேண்டாம் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. இதை வாசிக்கிற அதிகாரிகள் யாராவது அந்தச் சாவியைப் பற்றி என்னோடு கதைத்தால், அடுத்த சனிக்கிழமையே வரத் தயார்.

இப்படிக்கு,
வருகைதரு விரிவுரையாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.