முதலில் சாவி, அப்புறம் மண்வெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைபடம் மூன்று நாளாக என் மேசையில்தான் விரிந்து கிடக்கிறது. நூறு பேர், நாற்பது வீடு, நடுவில் கிணறு, சுற்றிலும் வயல். வீடில்லாதவர்களுக்கு ஒரு ஊரே அமைத்துத் தரலாம் என்று கிளம்பியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் 'தினம் ஆறு மணி நேரம் வயல்வேலை செய்பவருக்கே வீடு' என்று எழுதியிருக்கிறாயே, முதல் வேலையாக அதை அடித்துவிடு.

வருடக்கணக்கில் தெருவில் படுத்தவர், செருப்பு திருட்டுப் போகாமலிருக்க அதைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்கியவர். கதவைத் தாழ்ப்பாள் போட்டு நிம்மதியாகத் தூங்கிப் பழகவே அவருக்குச் சில வாரம் ஆகலாம். காலில் ஆறாத புண், பாதியில் நின்ற மாத்திரை, தொலைந்துபோன அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக அப்புறம்தான் வெளியே வரும். பின்லாந்தில் 2008இல் தொடங்கிய திட்டம் நிபந்தனை வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்தது, மற்ற உதவிகள் பின்னால் வந்தன. அங்கே வீடில்லாதவர்களின் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்தது. வேலை செய்தால்தான் வீடு என்றால் நீ அமைப்பது ஊர் இல்லை, கூலிக்குப் பதில் கூரை கொடுக்கும் பண்ணை.

எல்லோருக்கும் மண்ணில் இறங்கும் ஆசை இருக்காது. ஒருவருக்குத் தையல் தெரியும், இன்னொருவருக்கு வயரிங். லண்டனில் வேலையற்றுத் திண்டாடியவர்களுக்காக, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பை நிறுவிய வில்லியம் பூத் 1891இல் இங்கிலாந்தின் ஹாட்லியில் ஆரம்பித்த பண்ணையில்கூட செங்கல் சூளை இருந்தது.

சரி, தன்னிறைவுக்கு வருவோம். ஒருவருக்கு வருடத்துக்கு 180 கிலோ தானியம் என்று வை. நூறு பேருக்கு 18 டன். ஹெக்டேருக்கு மூன்று டன் கிடைத்தாலும் தானியத்துக்கு மட்டும் ஆறு ஹெக்டேர் வேண்டும், அதுவும் மழை ஏமாற்றாமல் இருந்தால். கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம், முள்ளங்கி நாற்பது நாள். பழமரம் காய்க்க மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு வருடச் சாப்பாட்டுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்று நடு. பசியோடு இருப்பவரிடம் 'விதைநெல்லைத் தொடாதே' என்று யார் சொல்வது, நீயா?

தண்ணீர்க் கணக்கு இன்னும் கறார். 30 சதுர மீட்டர் கூரையில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால், சொட்டு வீணாகாமல் பிடித்தாலும் 18,000 லிட்டர். ஒருவர் நாளைக்கு 50 லிட்டர் புழங்கினால் வருடத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகிறது. ஒரு கூரைக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். உன் படத்திலோ ஒரு கூரைக்குக் கீழே இரண்டு மூன்று பேர். அதனால் நிலம் பேசுவதற்கு முன் கோடைக் கடைசியில் ஒருமுறை போய், கிணற்றில் கயிறு விட்டுப் பார். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் அழகாகத்தான் இருக்கும். கழிப்பறைகளைக் கிணற்றை ஒட்டி வரைந்திருக்கிறாய், குழாய்ச் செலவு குறையும் என்று நினைத்திருப்பாய். குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சரிவில் கீழ்ப்பக்கமாக மாற்று.

நிலம் யார் பேரில் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1969இல் கறுப்பின விவசாயிகள் நியூ கம்யூனிட்டீஸ் என்ற அறக்கட்டளையின் பேரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கிப் பொதுவில் பயிர் செய்தார்கள். வறட்சி வந்தது, கேட்ட அவசரக் கடன் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, 1985இல் கடனுக்கே நிலம் போய்விட்டது. அறக்கட்டளையாக இருந்தும் இந்தக் கதி. அதனால் பத்திரம் எழுதும்போதே நிலத்தை அடமானம் வைக்க முடியாதபடி ஒரு வரி சேர்க்க வழியுண்டா என்று வக்கீலிடம் கேள். அங்கே குடியிருப்பவர்களும் அறங்காவலர்களாக இருக்கட்டும்.

அடுத்த வரைபடத்தைத் தனியாக உட்கார்ந்து வரையாதே. அங்கே வந்து வாழப்போகிற பத்துப் பேரைக் கூப்பிடு, பென்சிலை அவர்கள் கையில் கொடு. அடுப்படி எந்தப் பக்கம், ராத்திரி எங்கே விளக்கு எரியவேண்டும் என்று அவர்கள் வரைந்தபின் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்